ஆறு மணிக்கு வெளியே அனுப்பப்படும் குழந்தைகள்

1995 அக்டோபர் 31 அன்று ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா, ஓர் இரவு மட்டும் ஒரு விழா நடத்தியது. ‘மிக்கீஸ் நாட்-சோ-ஸ்கேரி ஹாலோவீன் பார்ட்டி’ என்பது அதன் பெயர். அதே ஆர்லாண்டோ வட்டாரத்தில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 1991 முதல் ரத்தமும் அலறலுமான ஹாலோவீன் இரவுகளை நடத்திக்கொண்டிருந்தது. அங்கே பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு போவது சரிவராது. பிள்ளைகள் மிரளாமல் வேஷம் கட்டி, மிட்டாய் வாங்கி, ஊர்வலம் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் குறை காண ஒன்றுமில்லை.

அந்த ஓர் இரவு இன்று கோடை முடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2023-ல் ஆகஸ்ட் 11 அன்று ஆரம்பித்து நவம்பர் 1 வரை, முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகளில் நடந்தது. பெரியவர்களுக்கு டிக்கெட் 109 டாலரிலிருந்து 199 டாலர் வரை. மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து டாலர் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் தேதியும் விலையும் வெளியானவுடன் முணுமுணுப்பு எழும். அதற்கான பதிலும் உடனே வரும்: இது குழந்தைகளுக்கான விழா, பாதுகாப்பானது, பயமில்லாதது, வேண்டாதவர்கள் வாங்க வேண்டியதில்லை. ரசிகர்களும் பயண எழுத்தாளர்களும் சொல்லிச் சொல்லி, இந்தப் பதிலை யாரும் உரசிப் பார்ப்பதே இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

ஒரு தீம் பார்க் குழந்தைகளுக்காக ஹாலோவீன் நடத்தலாமா? நடத்தலாம், நடத்தவும் வேண்டும். எந்த நேரத்தில், என்ன விலையில், யாரை வெளியே அனுப்பிவிட்டு நடத்துவது என்பதில்தான் தகராறு.

முதலில், மறுக்க முடியாததை ஒப்புக்கொண்டுவிடலாம். ஹாலோவீன் இரவில் தெருவில் நடப்பது ஆபத்தானது. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டு விபத்துக் கணக்கை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019-ல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. ஒரு வாரம் முன்னும் பின்னும் அதே நேரத்தோடு ஒப்பிட்டால், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டியில் அடிபட்டு இறப்பது 43 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. நான்கு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து சுமார் பத்து மடங்கு. வண்டியே நுழையாத ஒரு பூங்காவுக்குள் அந்த மாலையைக் கழிப்பது, இந்தக் கணக்கைப் பார்த்த எந்தப் பெற்றோருக்கும் நிம்மதி தரும்.

மிட்டாயில் விஷம் என்ற பயமும் பூங்காக்களுக்குச் சாதகமாக இருக்கிறது. அதற்கு இந்த அளவு ஆதாரம் இல்லை. 1974-ல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தான். கொடுத்தது அவனுடைய தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. 1982-ல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் மாத்திரையில் சயனைடு கலக்கப்பட்டு ஏழு பேர் இறந்த பிறகு, முன்பின் தெரியாதவர் கையால் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்ற பீதி அமெரிக்கா முழுக்கப் பரவியது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல ஆண்டுச் செய்திகளைத் துருவியும், முகம் தெரியாத யாரோ ஒருவர் கண்ணில்பட்ட பிள்ளைக்கு விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றார் என்று உறுதிப்பட்ட ஒரு சம்பவத்தையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே அந்த வாதம் நிற்காது. ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தனி மிட்டாய் ஏற்பாடு இருப்பதும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒவ்வொரு வீட்டுப் படியையும் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை என்பதும் உண்மையான நன்மைகள்.

பயத்தின் அளவும் சரியாகவே இருக்கிறது. குழந்தைகளின் அச்சத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜோவான் கேன்டர் சொல்வது இது: ஏழெட்டு வயது வரை பிள்ளைகள் ஒன்றின் தோற்றத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையில் நடக்கக்கூடியது எது என்று யோசித்துப் பயப்படத் தொடங்குகிறார்கள். உள்ளே ஒருவர்தான் வேஷம் போட்டிருக்கிறார் என்று நாலு வயதுப் பிள்ளையிடம் விளக்கிப் பயனில்லை. முகம் கோரமாக இருந்தால் அது அழும். டிஸ்னி விழாவில் ஊர்வலத்துக்கு முன் தலையில்லாத குதிரை வீரன் ஒருவன் பாய்ந்து போவான். பிறகு வெட்டியான்கள் மண்வெட்டியைத் தரையில் உரசித் தீப்பொறி பறக்க ஆடுவார்கள். அவ்வளவுதான். மிரண்டு அம்மாவின் கையைப் பிடித்து, அடுத்த கணமே சிரிக்கத் தக்க அளவுதான் அது. இந்த நுணுக்கத்தில் டிஸ்னியின் கலைஞர்களைக் குறை சொல்ல முடியாது. ஹாலோவீனிலிருந்து பயத்தை அடியோடு வழித்தெடுத்துவிடும் பல பூங்காக்களைவிட அவர்கள் பிள்ளைகளை அதிகம் மதிக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இனி விஷயத்துக்கு வரலாம்.

விழா நடக்கும் நாளில் மேஜிக் கிங்டம் பூங்கா சாதாரணப் பார்வையாளர்களுக்கு மாலை ஆறு மணிக்கே மூடிவிடும். விழா டிக்கெட் வைத்திருப்பவர்கள் நான்கு மணியிலிருந்தே உள்ளே வரலாம். அவர்கள் கையில் ஒரு பட்டை கட்டப்படும். நான்கிலிருந்து ஆறு வரை இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் நடக்கின்றன. காலையிலிருந்து சுற்றிக் களைத்த குடும்பம் ஒரு பக்கம்; புத்தம்புது வேஷத்தோடு மிட்டாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பம் மறுபக்கம். ஆறு மணிக்குமேல் பட்டை இல்லாதவர்களை ஊழியர்கள் பணிவாக வாசல் பக்கம் அனுப்பத் தொடங்குவார்கள். பூங்காவின் மெயின் ஸ்ட்ரீட் முழுக்கப் பூசணிக்காய் முகங்கள் சிரித்துக்கொண்டிருக்கும். மிட்டாய்ச் சாவடிகள் தயாராக இருக்கும். பட்டை இல்லாத ஐந்து வயதுக் குழந்தை, தன் வயதுப் பிள்ளைகள் உள்ளே வருவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியேறும்.

அந்தக் குழந்தையும் டிக்கெட் வாங்கித்தான் வந்தது. அன்றைய பகலுக்கு விதித்த கட்டணத்தை அதன் பெற்றோர் கட்டினார்கள். விழா இல்லாத நாளாக இருந்தால், இரவு வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். குழந்தைகளுக்கென்று அறிவிக்கப்பட்ட ஒரு விழா, அதே பூங்காவில் நிற்கும் வேறு குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தொடங்குகிறது. ‘வேண்டாதவர்கள் வாங்க வேண்டாம்’ என்ற பதில் இந்த இடத்தில் உடைந்துபோகிறது. வாங்காதவர்களுக்கும் அது விலை வைக்கிறது: அவர்களுடைய மாலையை எடுத்துக்கொள்கிறது.

உள்ளே இருக்கும் குழந்தைக்காவது அந்த மாலை உகந்ததா? விழா ஏழு மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவு வரை நடக்கும். முதல் ஊர்வலம் ஒன்பதேகாலுக்கு. வாணவேடிக்கை பத்தேகாலுக்கு. இரண்டாவது ஊர்வலம் பதினொன்றேகாலுக்கு. மந்திரக்காரிகளின் மேடை நிகழ்ச்சி கடைசியாக நள்ளிரவில் ஒருமுறை நடக்கும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 24 மணி நேரத்தில் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் பரிந்துரைத்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம். காலை ஏழு மணிக்கு எழும் ஐந்து வயதுப் பிள்ளை படுக்கைக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில்தான் முதல் ஊர்வலத்தின் குதிரை புறப்படுகிறது. அனுபவப்பட்ட ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் யோசனை என்ன தெரியுமா? இரண்டாவது ஊர்வலத்துக்குப் போங்கள், அப்போது கூட்டம் குறைந்திருக்கும். ஏன் குறைகிறது? குழந்தைகள் தள்ளுவண்டியிலும் தோளிலும் தூங்கிவிடுகிறார்கள். பெற்றோர் அவர்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். விழா எந்த வயதினருக்கென்று அறிவிக்கப்பட்டதோ, அந்த வயதினர் போன பிறகுதான் அது வசதியாகிறது.

ஒரு நாள் விழித்திருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வீட்டுக் கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் பிள்ளைகள் விழித்திருப்பதில்லையா? உண்டுதான். அங்கே விழித்திருப்பதற்கும் தூங்குவதற்கும் கட்டணம் கிடையாது. பெரியவர்கள் நேரம் குறித்த ஒரு நிகழ்ச்சியில் பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்காகவே நடத்துகிறோம் என்று யாரும் அதற்கு டிக்கெட் விற்பதில்லை. இங்கே நூறு டாலருக்கு மேல் கொடுத்த பெற்றோருக்கு, தூங்கி விழும் பிள்ளையை உசுப்பி எழுப்பி வாணவேடிக்கை காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. 2023-ன் விலைப்படி, இரண்டு பெரியவர்களும் மூன்று முதல் ஒன்பது வயதுள்ள இரண்டு பிள்ளைகளும் மிக மலிவான இரவில் போனாலே வரி சேர்க்காமல் 416 டாலர். மிக விலையுயர்ந்த இரவில் 776 டாலர். இவ்வளவு கொடுத்துவிட்டு எட்டரை மணிக்கு யார் கிளம்புவார்கள்? பத்து மணிக்குமேல் எந்தத் தீம் பார்க்கிலும் கேட்கும் அழுகை இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

வேஷத்தின் கதையைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டிஸ்னி பூங்காக்களில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எந்த நாளிலும் வேஷம் கட்டி வரலாம். இளவரசி உடையோ கடற்கொள்ளைக்காரன் உடையோ, பகலில் யாரும் தடுக்கப்போவதில்லை. பதினான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் சாதாரண நாட்களில் தடை. விழா இரவில் அந்தத் தடை தளர்கிறது. அப்படியென்றால் ஹாலோவீன் டிக்கெட் புதிதாகத் தரும் உரிமை யாருக்கு? குழந்தைக்கு ஏற்கனவே இருந்ததை அது மீண்டும் விற்கிறது. வளர்ந்தவர்களுக்கு இல்லாததை மட்டுமே கூட்டித் தருகிறது.

மற்றவையும் அப்படித்தான். வேறு எந்த நாளிலும் பார்க்க முடியாத கதாபாத்திரங்கள் அன்று படம் எடுத்துக்கொள்ள நிற்பார்கள். 1993-ல் வந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தின் ஜாக்கையும் சாலியையும் பார்க்க விழா தொடங்கும் முன்பே வரிசை நீண்டுவிடும். அந்தப் படத்தைப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தவர்களுக்கு இன்று நாற்பது வயது நெருங்குகிறது. மந்திரக்காரிகளின் மேடை நிகழ்ச்சியும் அதே 1993-ல் வந்த ‘ஹோகஸ் போகஸ்’ படத்தின் நினைவில் அமைந்தது. அன்றைக்கு மட்டும் விற்கும் சட்டை, பட்டன், பாப்கார்ன் வாளி எல்லாவற்றுக்கும் தனி வரிசை. இவற்றை விரும்பும் பெரியவர்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை. அவர்களுக்கும் ஓர் இரவு வேண்டும். நடத்தட்டும், நல்ல விலைக்கும் விற்கட்டும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது.

இந்த விஷயத்தில் யுனிவர்சல் நேர்மையானது. தன் ஹாலோவீன் இரவுகள் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏற்றவை அல்ல என்று அது வெளிப்படையாக எச்சரிக்கிறது. கூட்டமும் அதிகம், ரத்தமும் அதிகம். ஆனால் வாங்குபவர் யார், வாங்குவது எது என்பதில் குழப்பம் இல்லை.

தனி டிக்கெட்டை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. டிக்கெட் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் கூட்டம் குறைவு. பகலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய சவாரிக்கு இரவில் கால் மணி நேரம் போதும். பொறுமை இல்லாத சின்னப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வசதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஆறு மணிக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களின் இடத்திலிருந்து வந்தது. 2023-ல் மட்டும் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் வந்த பூங்கா அது என்று மதிப்பிடப்படுகிறது. உலகத்திலேயே அதிகம் பேர் வரும் பூங்கா. கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்றால் பகல் டிக்கெட்டையே குறைக்கலாம். நெரிசலையும் விற்று, நெரிசலிலிருந்து தப்பும் வழியையும் இன்னொரு டிக்கெட்டாக விற்பதைக் குழந்தைகளுக்குச் செய்யும் சேவை என்று எப்படிச் சொல்வது?

பகலில் நடத்த முடியாது, ஃப்ளோரிடா வெயிலில் வேஷம் கட்டிய பிள்ளைகள் வதங்கிவிடுவார்கள் என்ற பதிலும் வரும். ஆகஸ்ட்டில் வதங்கத்தான் செய்வார்கள். ஆகஸ்ட்டில் ஹாலோவீன் நடத்தச் சொன்னது யார்? ஆகஸ்ட் நடுவில் ஆர்லாண்டோவில் சூரியன் மறைவதே இரவு எட்டு மணியை ஒட்டித்தான். ஏழு மணிக்குத் தொடங்கும் விழா ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் நடக்கும். பூசணி விளக்குகள் எரிவதே தெரியாது. இருட்டு இல்லாததால் ஊர்வலமும் வாணவேடிக்கையும் ஒன்பது மணிக்குமேல் தள்ளப்படுகின்றன. அக்டோபர் கடைசியில் அதே ஊரில் மாலை ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். உண்மையான ஹாலோவீன் காலத்தில் மட்டும் விழாவை நடத்தினால், ஏழரை மணிக்கு இருட்டில் ஊர்வலம் விடலாம், எட்டரைக்குள் வாணவேடிக்கை முடிக்கலாம், பிள்ளைகள் ஒன்பதரைக்குத் தூங்கலாம். பருவமே குழந்தைகளுக்குச் சாதகமாக இருக்கிறது. அதைக் கெடுப்பது நாட்காட்டியை ஆகஸ்ட் வரை இழுத்த பேராசைதான்.

நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது என்று யாராவது சொன்னால், அதற்கும் பதில் டிஸ்னியிடமே இருக்கிறது. 2020-ல் பெருந்தொற்றின் காரணமாக அந்த ஆண்டு ஹாலோவீன் பார்ட்டி ரத்தானது. அதற்குப் பதிலாக செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 31 வரை, பகல் நேரத்திலேயே, மிக்கியும் நண்பர்களும் ஹாலோவீன் உடையில் சிறு சிறு ஊர்வலங்களாக வந்தார்கள். எல்லா வயதினரும் வேஷம் கட்டி வர அனுமதி இருந்தது. தனி டிக்கெட் இல்லை. விழா டிக்கெட் இல்லை என்று யாரையும் வெளியே அனுப்பவில்லை. பூங்கா வரலாற்றிலேயே மிக நெருக்கடியான ஓர் ஆண்டில், கூட்டத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், குழந்தைகளுக்கு உண்மையிலேயே இசைந்த ஒரு ஹாலோவீன் நடந்தது.

அடுத்த ஆண்டு என்ன செய்தார்கள்? 2021-ல் ‘பூ பாஷ்’ என்ற புது நிகழ்ச்சி வந்தது. பெரும்பாலும் இரவு ஒன்பது அல்லது ஒன்பதரைக்குத் தொடங்கும். மூன்று மணி நேரம் மட்டும். டிக்கெட் 129 டாலரிலிருந்து 199 டாலர் வரை. ஆகஸ்ட் 10 அன்றே ஆரம்பித்துவிட்டது. பகலில் நடத்த முடியும் என்று கையோடு நிரூபித்துக் காட்டிய நிறுவனம், மறு ஆண்டே பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு அதை மாற்றி வைத்தது. 2022-ல் பழைய பார்ட்டி அதே நள்ளிரவு நேரத்தோடு திரும்பியது. இதை வைத்துப் பார்க்கும்போது, ‘குழந்தைகளுக்காக’ என்ற சொல்லை நம்புவதற்கு எந்தக் காரணமும் எஞ்சவில்லை.

கலிஃபோர்னியாவிலும் இதே வழிதான். 2019 முதல் டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் ‘ஊகி பூகி பாஷ்’ நடக்கிறது. மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை, தனி டிக்கெட், சீசன் தொடங்கும் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். ஒரு மணி நேரம் முன்னால் என்ற அளவில் மேஜிக் கிங்டத்தைவிடக் கொஞ்சம் தேவலை. அவ்வளவே.

வேறு விதமாக நடத்தவே முடியாதா என்று கேட்பவர்கள் சற்றுத் தள்ளிப் போய்ப் பார்க்கலாம். ஆர்லாண்டோவிலேயே சீவேர்ல்ட் பூங்கா ‘ஸ்பூக்டாகுலர்’ என்ற பெயரில் பிள்ளைகளுக்கான ஹாலோவீனைப் பகலில், நுழைவுக் கட்டணத்திலேயே நடத்துகிறது. அதே வெயில், அதே மழை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வின்டர் ஹேவனில் உள்ள லெகோலேண்டின் ‘பிரிக்-ஆர்-ட்ரீட்’ விழாவுக்கும் தனி டிக்கெட் கிடையாது. பென்சில்வேனியாவின் செசமி ப்ளேஸ் பூங்காவில் கவுன்ட் என்ற பொம்மை வேம்பயர் தலைமையில் நடக்கும் ஹாலோவீனும் அன்றைய நுழைவுச் சீட்டுக்குள் அடக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது என்று 2018-ல் சான்று பெற்ற பூங்கா அது. சத்தமும் புகையும் நள்ளிரவு நெரிசலும் அப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படி வாட்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், பகல் நேரத்தின் அருமை புரியும்.

டென்னசி மலைப்பகுதியில் உள்ள டாலிவுட் 2017 முதல் ஆயிரக்கணக்கான பூசணி விளக்குகளை ஏற்றி ‘கிரேட் பம்ப்கின் லூமிநைட்ஸ்’ நடத்துகிறது. ரத்தம் இல்லை, தனி டிக்கெட் இல்லை, இருட்டு மட்டும் உண்டு. காலையில் டிக்கெட் வாங்கி வந்த குடும்பம் மாலையில் விளக்கு பார்த்துவிட்டுப் போகலாம்.

இவை எல்லாவற்றையும்விட மேலான உதாரணம் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். தீம் பார்க் ஹாலோவீன் என்ற வழக்கத்தையே 1973-ல் தொடங்கி வைத்த இடம் அதுதான். முதலில் மூன்று இரவுகள். பிறகு அது ‘ஸ்கேரி ஃபார்ம்’ என்ற பெரும் திகில் விழாவாக வளர்ந்தது; பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று அறிவித்துவிட்டு, மாலையில் பூங்காவை மூடி, தனி டிக்கெட்டுக்கு நடத்துகிறார்கள். அதே பூங்காவில், பகலில், சாதாரண நுழைவுக் கட்டணத்தில், மூன்று முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று ‘ஸ்பூக்கி ஃபார்ம்’ நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பகல், வளர்ந்தவர்களுக்கு இரவு. இரண்டும் ஹாலோவீன்தான், இரண்டிலும் பணம் வருகிறது, யாரும் யாருடைய பெயரையும் கடன் வாங்கவில்லை. ஸ்கேரி ஃபார்மின் தனி டிக்கெட்டுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை, ஏனென்றால் அதற்காக வெளியே அனுப்பப்படும் பிள்ளை தன் ஹாலோவீனைப் பகலிலேயே கொண்டாடி முடித்திருக்கிறது.

டோக்கியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்னியின் உரிமம் பெற்று வேறு நிறுவனம் நடத்தும் டோக்கியோ டிஸ்னிலேண்டில் ஹாலோவீன் சீசன் முழுக்கப் பகல் ஊர்வலமே பிரதானம். அன்றைய டிக்கெட் வைத்திருப்பவர் யாரும் தெருவோரம் உட்கார்ந்து பார்க்கலாம். பாரிஸ் டிஸ்னிலேண்டிலும் அக்டோபர் முழுக்கப் பகல் கொண்டாட்டம் உண்டு. தனி டிக்கெட் இரவு அக்டோபர் 31-ஐ ஒட்டித்தான். ஆக, ஃப்ளோரிடாவில் நடப்பதை டிஸ்னி என்ற பெயரின் இயல்பு என்றும் ஒதுக்க முடியாது. அமெரிக்கக் குடும்பங்களிடம் இந்த விலை செல்லுபடியாகிறது என்பதால்தான் இது தொடர்கிறது. ஹாலோவீனுக்காக அமெரிக்கர்கள் 2023-ல் செலவிடுவார்கள் என்று தேசிய சில்லறை வணிகர் கூட்டமைப்பு மதிப்பிட்ட தொகை 1,220 கோடி டாலர். அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுக்கப் பூங்காவுக்கு உரிமை இல்லையா என்றால், உண்டு. எதைக் கொடுத்து எடுக்கிறது என்று கேட்கப் பெற்றோருக்கும் உரிமை உண்டு.

இந்தப் பண்டிகை பிள்ளைகள் கைக்கு வந்த கதையும் இங்கே நினைக்கத் தக்கது. வட அமெரிக்காவில் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கம் 1920-களிலும் 30-களிலும் பரவியது. ஹாலோவீன் இரவில் பையன்கள் செய்த அட்டகாசத்தைத் தணிக்க ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டு ஏதாவது தின்னக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைத் தட்டுப்பாட்டில் அது மங்கி, 1940-களின் இறுதியில் மீண்டும் தளிர்த்தது. 1950 முதல் பிள்ளைகள் மிட்டாயோடு யூனிசெஃப் அமைப்புக்குச் சில்லறையும் திரட்டினார்கள். வாசலில் நிற்கும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, அதன் அப்பாவின் சம்பளம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கதவைத் தட்டினால் போதும். புதிதாகக் குடியேறி அக்கம்பக்கம் பழக்கமில்லாத குடும்பங்களுக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராத அடுக்குமாடிகளில் வாழ்பவர்களுக்கும் தீம் பார்க் அந்த வாசலாக இருக்கிறது என்கிறார்கள் ஆதரவாளர்கள். அந்தக் குடும்பங்களில் எத்தனை பேரால் ஒரு மாலைக்கு 416 டாலர் கொடுக்க முடியும்? பூங்காவால் அக்கம்பக்கமாக மாற முடியாது. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஏற்கனவே காசு கொடுத்து உள்ளே வந்து நிற்கும் பிள்ளைக்குக் கையளவு மிட்டாயும் ஓர் ஊர்வலமும் கொடுக்க இரண்டாவது டிக்கெட் கேட்பது, அந்த வழக்கத்தின் எந்த அம்சத்தோடும் ஒட்டவில்லை.

குழந்தைகளுக்கான ஹாலோவீனைத் தீம் பார்க்குகள் நடத்தட்டும்; அக்டோபரில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், அன்றைய நுழைவுச் சீட்டுக்குள் நடத்தட்டும். பெரியவர்களுக்கு இரவு விழா வேண்டுமானால் பெரியவர்களுக்கு என்று எழுதி ஒட்டிவிட்டு, விரும்பிய விலைக்கு விற்கட்டும். ஃப்ளோரிடாவுக்குப் பிள்ளைகளோடு போகத் திட்டமிடும் பெற்றோர் டிக்கெட் வாங்கும் முன் இரண்டு விவரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: முதல் ஊர்வலம் எத்தனை மணிக்கு, அதற்குத் தனி டிக்கெட் உண்டா. ஒன்பது மணிக்குமேல் என்றும் தனி டிக்கெட் உண்டு என்றும் பதில் வந்தால், பிள்ளையைச் சீவேர்ல்டுக்கோ லெகோலேண்டுக்கோ பகலில் கூட்டிப் போங்கள்.